வீட்டையும் பாட்டையும் சுமந்த அண்ணன்

(குச்சனூரில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய பாவலர் வரதராஜன் நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நாங்கள் தெருத் தெருவாக வந்தபோது, பஸ்ஸுக்கு நின்ற ஒரு தம்பி நோட்டீஸை வாங்கிப் படித்தார். “பாவலர் வரதராஜன்னா இளையராஜாவோட அண்ணன்தானே?” என்று கேட்டார். “ஆமாம் தம்பி” என்றோம். “சரி, அவரு என்ன செஞ்சாரு?” என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சின்னமனூர் பஸ் வந்துவிட்டது. தம்பி ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறோம். இது அந்தத் தம்பியின் தவறு அல்ல. சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம்தான் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

தோழர்களே! நமது குச்சனூரை வெளியூர்க்காரர்கள் சனீஸ்வரர் கோயிலை வைத்துத்தான் அறிவார்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், சுரபி நதியில் குளிக்கிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோயிலைச் சுற்றி இருக்கிற வயலை யார் நட்டார்கள், யார் களை எடுத்தார்கள், யார் அறுத்தார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று சர்க்கார் கணக்குச் சொல்கிறது. அத்தனை ஏக்கரிலும் குனிந்து நிமிர்ந்த முதுகுகளின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இங்கே வேலை இல்லாத நாளில் விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களின் கணக்கும் இல்லை.

அந்தக் கணக்கைப் பாட்டாகப் பாடியவர் ஒருவர் இருந்தார். அவர் தூர தேசத்துக்காரர் அல்ல. இதோ, மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற பண்ணைப்புரத்துக்காரர். அவர்தான் பாவலர் வரதராஜன்.

அவர் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம்? தகப்பனார் ராமசாமி, எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அந்த வீட்டின் தாய் சின்னத்தாயி. பாஸ்கர், ராசய்யா, அமர் ஆகியோர் தம்பிகள். ராசய்யாதான் பின்னால் இளையராஜா ஆனார். அமர் கங்கை அமரன் ஆனார். தம்பிகள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே தகப்பனார் காலமாகிவிட்டார். தோழர்களே! கூலிக்காரன் வீட்டில் தகப்பன் போய்விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவன் தோளில் வீடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். தந்தைக்குப் பின் தமையன் என்று நம் ஜனங்கள் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல. அரிசி யார் வாங்குவது, பீஸ் யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில்தான் அந்தச் சொல்.

அந்த வீட்டின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறோம். படிப்பைத் தொடரப் பணம் இல்லாமல் பையன் ராசய்யா வைகை அணை கட்டுகிற இடத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1959-ல் திறக்கப்பட்ட அந்த அணையை நாம் பார்க்கும்போதெல்லாம் கட்டிய மந்திரி பெயரைச் சொல்கிறோம். கட்டிய என்ஜினீயர் பெயரைச் சொல்கிறோம். அங்கே பள்ளிக்கூடத்துப் பையன்களும் கூலிக்கு நின்றார்கள் என்பதை நாம் நினைப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் மூத்தவர் என்ன செய்திருக்கலாம்? “எனக்குக் குடும்பம் இருக்கிறது, இயக்கம், கொடி, கூட்டம் எல்லாம் எனக்கு வேண்டாம்” என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அல்லது, “எனக்கு இயக்கம்தான் பெரிது” என்று வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைத் தியாகி என்று புகழ்கிறோம். அவர்கள் வீட்டில் அழுத பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை.

பாவலர் இரண்டையும் செய்யவில்லை. அவர் வீட்டையே மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பிகளைச் சேர்த்து ஒரு இசைக்குழு அமைத்தார். பாவலர் பிரதர்ஸ் என்று அதற்குப் பெயர். ராசய்யா அதில் சேர்ந்தபோது வயது 14. தாயார்தான் தம்பியையும் கூட அனுப்பி வைத்தார் என்று சொல்கிறார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத வேளை. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி நிற்கிறது. தம்பி இரண்டு பாட்டுப் பாடினால் அண்ணனுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்குமே என்று தாய் மனம் நினைத்தது. குரல் உடையாத வயது. பெண் குரலில் பாட அந்தப் பையன் உதவினார். பாட்டு எழுதுகிறவர் அண்ணன், மேடையில் நிற்கிறவர்கள் தம்பிகள், வழியனுப்பி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாய். ஒரு முழுக் குடும்பம் இயக்கத்துக்கு உழைத்தது, தோழர்களே!

அந்தக் குழுவிடம் ஒரு ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அண்ணன் அதைக் கோவையில் 85 ரூபாய்க்கு வாங்கினார் என்று இளையராஜா சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டியைத் தம்பிகள் தொடக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாக இருந்தார். தொட்டால் பிரம்படி விழும். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து எடுத்து வாசித்துத்தான் தம்பி கற்றுக்கொண்டார்.

இதைக் கேட்டு, என்ன அண்ணன் இவர், இவ்வளவு கடுமையா என்று சிலர் நினைக்கலாம். மில்லில் வேலை பார்க்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆண்டிபட்டிப் பக்கமும் தேனிப் பக்கமும் நூல் மில்லில் நிற்கிறவர்கள் நீங்கள். ஓடுகிற மிஷின் பக்கம் சின்னப் பிள்ளையை விடுவீர்களா? உழவு மாடு வைத்திருக்கிற விவசாயி, மாட்டைப் பையன்கள் ஓட்டி விளையாட விடுவானா? அந்த ஆர்மோனியம் அந்த வீட்டுக்கு உழவு மாடு. அதன் கட்டை ஒன்று உடைந்தால் அடுத்த ஊரில் பாட்டு இல்லை. பாட்டு இல்லாவிட்டால் பஸ் சார்ஜுக்கு வழி இல்லை. அடித்த கையை நாம் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் இருந்த கவலை நமக்குப் புரிகிறது. அதே பெட்டியை இளையராஜா இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார். மேடைகளுக்குக் கொண்டுவந்து காட்டுகிறார். அடி வாங்கிக் கொடுத்த பெட்டியை ஒருவர் அறுபது வருஷத்துக்கு மேல் பாதுகாக்கிறார் என்றால், அந்த அண்ணன் மீது எவ்வளவு பாசம் இருக்க வேண்டும்!

சரி, பாவலரின் பாட்டு என்ன செய்தது? 1958-ம் வருஷத்துக்குப் போவோம்.

1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. நமது மலைக்கு அந்தப் பக்கம்தான் இரண்டும் இருக்கின்றன. அங்கே தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் நமது தமிழ் ஜனங்கள். 1957 ஏப்ரல் 5-ல் தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவி ஏற்றது. ஏற்ற ஒரு வாரத்துக்குள், குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. நிலப்பிரபுக்கள் கொதித்தார்கள். அந்த மந்திரிசபையின் பலம் எவ்வளவு? 126 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 60. ஆதரவு கொடுத்த சுயேச்சைகள் 5. மொத்தம் 65. ஒவ்வொரு இடமும் உயிருக்குச் சமம்.

அந்த நேரத்தில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958-ல் இடைத்தேர்தல் வைத்தார்கள். எதிரிகள் தங்கள் பலம் முழுவதையும் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். தோட்டத்து லயங்களில் இருந்தவர்களோ தமிழர்கள். மாநிலம் பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. “நமக்கும் இந்த மலையாள மந்திரிசபைக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவர்களைக் கேட்க வைப்பது எளிது. சம்பந்தம் உண்டு, உழைக்கிறவனுக்கு எந்தப் பாஷையிலும் ஒரே வயிறுதான் என்று அவர்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். யார் சொல்வது? மலை ஏறி வந்தார் பண்ணைப்புரத்துப் பாவலர். தொழிலாளர் மத்தியில் பாடினார்.

ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தோழர் இ.எம்.எஸ். பாராட்டினார் என்பதை அந்தத் தலைமுறைத் தோழர்கள் பெருமையோடு சொல்லி வந்தார்கள். ஒரு கூலிக்காரன் மகன் பாடிய பாட்டு, ஒரு மந்திரிசபைக்குத் துணை நின்றது. 1959 ஜூலை 31-ல் டெல்லி சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்துவிட்டது என்பது வேறு கதை. ஜனங்கள் கொடுத்த தீர்ப்பை ஜனங்கள் மாற்றவில்லை.

அவர் பாட்டில் அப்படி என்ன இருந்தது? அவர் கையாண்ட வழி மிகவும் எளிய வழி. ஜனங்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் இருந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, நமது கூலியை, நமது பசியை, விலைவாசியை, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் தந்திரத்தை வைப்பார். மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தடவை கேட்டால் போதும்; மறுநாள் நாற்றங்காலில் பாடலாம். எழுத்துத் தெரியாதவன் துண்டுப் பிரசுரத்தை என்ன செய்வான்? பீடி சுற்றுவான். பாட்டை என்ன செய்வான்? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவான். தலைவர்கள் இரண்டு மணி நேரம் பேசி விளக்கியதை அவர் நாலு வரியில் விளங்க வைத்தார். பேச்சாளர்களாகிய நாங்கள் இதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறோம்.

இப்படியே சுமார் பத்து வருஷம் அந்தக் குழு ஊர் ஊராகப் போயிற்று. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, பக்கத்து மாநிலங்களிலும் பாடியது. தம்பி ராசய்யாவுக்கு அந்த மேடைதான் பள்ளிக்கூடம். 1964-ல் நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கற் பாவுக்கு அவர் மெட்டமைத்தார். அதுதான் அவருடைய முதல் இசையமைப்பு. அதுவும் இந்தக் குழுவில் இருந்தபோது நடந்ததுதான்.

இப்போது, தோழர்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1968-ல் தம்பிகள் சென்னைக்குப் போய்ச் சங்கீதத்தில் முன்னேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கையில் காசு இல்லை. தாயார் சின்னத்தாயி என்ன செய்தார்? வீட்டில் இருந்த ரேடியோவை விற்றார். 400 ரூபாய் கிடைத்தது. அந்த 400 ரூபாயையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார்; தனக்கென்று ஒரு ரூபாயும் வைத்துக்கொள்ளவில்லை. இதை இளையராஜா சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் கண் கலங்குகிறார்கள். தாயின் தியாகம் என்று போற்றுகிறார்கள். போற்ற வேண்டியதுதான். ஆனால் நாம் கண் கலங்கிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

பத்து வருஷம் நமக்காகப் பாடிய குடும்பம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டிய குழு அது. அந்த வீட்டில் ஒரு அவசரத்துக்கு விற்பதற்கு இருந்தது ஒரு ரேடியோ! பாடிப் பாடி அவர்கள் சேர்த்தது என்ன? நாம் கொடுத்தது என்ன? கைதட்டலை உலையில் போட்டால் சோறாகுமா?

இதைச் சொல்வதால் இயக்கத்தைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் இயக்கமும் பட்டினி கிடந்தது. ஊழியனும் பட்டினி கிடந்தான். தலைவர்களே வேர்க்கடலை தின்று பஸ் ஸ்டாண்டில் படுத்த காலம் அது. அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் இன்றும் நாம் அப்படியே இருக்கிறோமே, அதற்கு என்ன சமாதானம்? கூட்டம் போட்டால் மைக் செட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் அவர் ஒயரைச் சுருட்டிவிடுவார். பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம். பறை அடிக்க வந்த தோழருக்கும் பாட வந்த தங்கைக்கும் ஒரு துண்டைப் போர்த்தி, “உங்களுக்கு என்ன தோழர், நம்ம ஆள்தானே” என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறோம். முதலாளி நம்மிடம் சொல்வதும் இதைத்தானே? “என்னப்பா, நம்ம வீட்டு ஆள் மாதிரிதானே நீ” என்று சொல்லித்தானே பண்ணையில் கூலியைக் குறைக்கிறார்கள்? வேலைக்குக் கூலி கேட்கிற நாம், பாட்டும் ஒரு வேலை என்பதை மறந்துவிடலாமா?

பாவலர் 1973-ல் மறைந்தார். மூன்று வருஷம் கழித்து 1976-ல் ‘அன்னக்கிளி’ படம் வந்தது. தம்பியின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. மூத்த அண்ணன் அதைக் கேட்க உயிரோடு இல்லை. தம்பிகள் படம் எடுக்கக் கம்பெனி தொடங்கியபோது ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது. உலகமே அதைப் பார்த்தது. அந்த வெள்ளிப் பாத்திரத்துக்கு அடியில் பண்ணைப்புரத்து அடுப்புக் கரி இருக்கிறது, தோழர்களே! 85 ரூபாய் ஆர்மோனியம் இருக்கிறது. 400 ரூபாய் ரேடியோ இருக்கிறது. பத்து வருஷம் தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒரு அண்ணனின் கால் தேய்ந்த நடை இருக்கிறது.

பாவலர் பெரிய சொத்து விட்டுப் போனார் என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவர் விட்டுப் போனது தம்பிகளின் கையில் ஒரு தொழில். உழைக்கும் ஜனங்களின் வாயில் பாட்டு. குடும்பத்தை நேசிப்பதும் வர்க்கத்தை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு வாய்ச் சோற்றுக்குத் தவிக்கிற பிள்ளையைக் கண்டு மனம் வலிக்காதவன், ஊராருடைய பிள்ளைக்காக எப்படிப் போராடுவான்? அவர் வீட்டுக் கஷ்டம் தெரிந்தவர். அதனால்தான் லயத்தில் இருந்தவர்களின் கஷ்டமும் அவர் பாட்டில் பொய் இல்லாமல் வந்தது.

தோழர்களே! நினைவுக் கூட்டம் என்றால் மாலை போட்டு, பேசி, கலைந்துவிடுவது என்று ஆகிவிட்டது. இந்தக் கூட்டம் அப்படிக் கலையக் கூடாது. மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். சரி என்றால் கையை உயர்த்துங்கள். இல்லை என்றால் எழுந்து பேசுங்கள்.

முதலாவது, இனிமேல் நமது கூட்டம் எதுவானாலும், உண்டியலில் விழுகிற பணத்தில் முதலில் பாடியவருக்கும் வாத்தியக்காரருக்கும் கூலி. அதன் பிறகுதான் மற்றச் செலவு. பேச்சாளர் டீக்காசு கடைசியில்.

இரண்டாவது, இந்தப் பக்கத்தில் பறை, கரகம், ஒயில், கும்மி, பாட்டு என்று இருக்கிற கலைஞர்கள் எத்தனை பேர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள்? 2007-ல் ஏற்பட்ட வாரியம் அது. பதியாதவர்களை நாம் வீடு தேடிப் போய்க் கண்டு, மனு எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடையாய் நடந்து பதிந்துவிட்டு வருவது நமது வேலை.

மூன்றாவது, நமது ஊர்களில் எழுபது, எண்பது வயதுத் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாற்று நடும்போது பாடிய பாட்டுக்களையும், அந்தக் காலத்துக் கூட்டங்களில் கேட்டு மனதில் வைத்திருக்கிற பாட்டுக்களையும், வாலிபத் தோழர்கள் செல்போனில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கையில் இருக்கிற அந்த யந்திரம் சினிமா பார்க்க மட்டும் அல்ல. ஒரு பாட்டி போனால் ஒரு பாட்டுப் புத்தகம் போகிறது. பதிவு செய்யப் போகிறபோது அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா, முதியோர் பென்ஷன் வருகிறதா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இங்கே வந்திருக்கிற அண்ணன்மார்களே! தம்பி தங்கையைப் படிக்க வைக்க மில்லில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அக்காமார்களே! பிள்ளைகள் பீஸுக்காக மலை ஏறி ஏலக்காய் பறித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பெயரை யாரும் மேடையில் சொல்லப் போவதில்லை. பாவலரைப் பற்றி நாங்கள் பேசியது உங்களைப் பற்றியும்தான். உங்கள் உழைப்பை விழுங்கிவிட்டு உங்கள் வீட்டை ஒழுக விடுகிற இந்தச் சமுதாயம் மாறும்வரை, பாவலர் தொடங்கிய பாட்டு முடியாது.

அந்தப் பஸ் நிறுத்தத்துத் தம்பியை எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள். “அவரு என்ன செஞ்சாரு?” என்று கேட்டாரே, அவருக்குச் சொல்லுங்கள். தகப்பன் இல்லாத வீட்டுக்கு அண்ணனாக நின்றார். வாயில்லாத ஜனங்களுக்கு வாயாக நின்றார். இரண்டு பாரத்தையும் ஒரே தோளில் சுமந்தார் என்று சொல்லுங்கள்.

பாவலர் வரதராஜன் நாமம் வாழ்க! உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!